கல்லூரி ஃபுட்பாலில் காலங்காலமாகப் பெரிய அணி எது? தரவை வைத்து வரிசைப்படுத்திப் பார்ப்போமா?

எண்ணும்எழுத்தும் (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கு இதே வேலைதான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடுவது) 1936-லிருந்து 2025 சீசன் வரை ஏபி இறுதித் தரவரிசையில் முதலிடம் பிடித்த அணிகளை எல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றியிருக்கிறேன். ஏபி என்றால் அசோசியேட்டட் பிரஸ். விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் வாக்குப் போட்டு வாராவாரம் போடும் பட்டியல், 1936-ல் தொடங்கியது, முதல் வருடப் பட்டம் மினசோட்டாவுக்கு. அதற்கு முன்னால் நாடு முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரே பட்டியல் என்று எதுவும் கிடையாது, அதனால்தான் அங்கிருந்து ஆரம்பித்தேன்.

வெறும் எண்ணிக்கையில் பார்த்தால் அலபாமா 12, நோட்டர் டேம் 8, ஒக்லஹோமா 7, ஒஹாயோ ஸ்டேட் 6, யுஎஸ்சியும் (சதர்ன் கலிஃபோர்னியா) மயாமியும் ஆளுக்கு 5. இதில் சண்டைக்கே இடமில்லை, யார் எண்ணினாலும் இதே விடைதான் வரும்.

ஆனால் 1943-ல் வாங்கிய பட்டமும் 2020-ல் வாங்கிய பட்டமும் ஒரே எடையா என்று யோசித்தேன். அதனால் 25 வருடத்துக்கு ஒருமுறை ஒரு பட்டத்தின் மதிப்பு பாதியாகும் என்று வைத்துக் கணக்கிட்டேன். 2025-ல் வாங்கியது 1, 2000-ல் வாங்கியது 0.5, 1975-ல் வாங்கியது 0.25, இப்படி. அலபாமா 5.94-ல் தனியாக நிற்கிறது. அடுத்து ஒஹாயோ ஸ்டேட் 2.68, ஜார்ஜியா 2.10, மயாமி 1.93, கிளெம்சன் 1.90, அப்புறம்தான் ஒக்லஹோமா 1.74. மூன்றே பட்டம் வாங்கிய கிளெம்சன் ஏழு பட்டம் வாங்கிய ஒக்லஹோமாவுக்கு மேலே! மிச்சிகன் 1.52, நோட்டர் டேம் 1.51. அதாவது மூன்று பட்டமும் எட்டுப் பட்டமும் கிட்டத்தட்ட சமம். இதைவிடக் கொடுமை, 2025-ல் முதல் முறையாகப் பட்டம் வாங்கிய இண்டியானா 1.00, மூன்று முறை வாங்கிய டெக்சஸ் 0.97.

சரி, பாதியாகும் காலத்தை 50 வருடமாக மாற்றினேன். அலபாமா 8.12, ஒஹாயோ ஸ்டேட் 3.72, ஒக்லஹோமா 3.39, நோட்டர் டேம் 3.38, மயாமி 3.10, கிளெம்சன் 2.33, டெக்சஸ் 1.64. அலபாமாவையும் ஒஹாயோ ஸ்டேட்டையும் தவிர மற்ற எல்லோரும் இடம் மாறிவிட்டார்கள். ஒரே ஒரு எண்ணைத் திருகினதற்கே இந்த ஆட்டம் ஆடுகிறது என்றால் இதை வரிசை என்று நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்வீர்கள்?

பழையபேப்பர்

நல்ல வேலை தம்பி. ஆனால் 1936-ல் கோடு போட்டதும் அறுபத்தேழு வருடத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6, ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் நியூ பிரன்ஸ்விக்கில் ஆடியது, ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது. அதற்கப்புறம் முப்பது நாற்பது வருடம் இந்த விளையாட்டே யேல், பிரின்ஸ்டன், ஹார்வர்டு என்ற மூன்று பேர் கையில்தான் இருந்தது. இன்று நாம் பார்க்கிற விதிகளில் பாதியை உருவாக்கிய வால்டர் கேம்ப் யேல்காரர். 1888-ல் யேல் 13 ஆட்டம் ஆடி 698 புள்ளி எடுத்தது, எதிரணிக்குக் கொடுத்தது பூஜ்யம். யேல் தன் பெயரில் 27 பட்டம் சொல்லிக்கொள்கிறது, பிரின்ஸ்டன் 28.

இதை எல்லாம் சேர்த்தால் பட்டியலின் தலையில் இந்தப் பழைய கல்லூரிகள் சேர்ந்த ஐவி லீக் உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார வைப்பதும் சரியில்லை, எதிரில் ஆட ஆளே இல்லாத காலம் அது. ஆனால் மொத்தமாக அழிப்பதும் சரியில்லை.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு கல்லூரியும் சொல்லிக்கொள்ளும் பட்ட எண்ணிக்கையைத் தரவு என்று யாராவது எடுத்துவந்தால் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அலபாமா 18 என்று சொல்கிறது, அதில் 1941-ம் உண்டு. அந்த வருடம் அலபாமா 9–2 (ஒன்பது வெற்றி, இரண்டு தோல்வி), ஏபி பட்டியலில் 20-வது இடம். முதலிடம் மினசோட்டாவுக்கு. ஹூல்கேட் என்ற ஒரு கணித முறை அலபாமாவை முதலில் வைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு பல வருடம் கழித்துப் பட்டியலில் ஏற்றினார்கள்.

கணக்குப் போட்டு வரிசைப்படுத்துவது என்பதே ஏபியைவிடப் பழையது, இதுவும் பலருக்குத் தெரியாது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் டிக்கின்சன் 1926-லேயே ஒரு முறையை வெளியிட்டார். நோட்டர் டேம் கோச் நூட் ராக்னி அவரிடம் பேசி, அதே முறையை 1924, 1925-க்கும் பின்னோக்கிப் போடச் செய்தார், 1924-ன் முதலிடம் நோட்டர் டேமுக்கு வந்தது. ஆக முதல் சூத்திரத்திலிருந்தே, எந்த வருடத்தில் ஆரம்பிக்கிறோம் என்பதற்கு ஒரு ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தெற்குவாசல்

நான் அலபாமா ஆள், பர்மிங்ஹாமில் பதினோரு வருடமாக இருக்கிறேன். 1941 விஷயத்தில் பழையபேப்பர் ஐயா சொல்வது சரி, நானே அதை எண்ணுவதில்லை. ஆனால் ஏபியையே சுத்தமான தராசு மாதிரி பேசுவதையும் என்னால் ஏற்க முடியாது.

1967 வரைக்கும் ஏபி கடைசி வாக்கெடுப்பை, சீசன் கடைசியில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு முன்னாலேயே முடித்துவிடுவார்கள், 1965 ஒன்று மட்டும் விதிவிலக்கு. 1950-ல் ஒக்லஹோமா பட்டத்தை வாங்கிக்கொண்டு போய் சுகர் பவுலில் கென்டக்கியிடம் 13–7 என்று தோற்றது. 1960-ல் மினசோட்டா பட்டத்தோடு போய் ரோஸ் பவுலில் வாஷிங்டனிடம் 17–7. எங்கள் 1964-ம் அப்படித்தான், ஆரஞ்சு பவுலில் டெக்சஸிடம் 21–17 தோல்வி, அந்த வருடம் ஒரு ஆட்டமும் தோற்காத அணி ஆர்கன்சஸ். இன்றைய வழக்கப்படி பார்த்தால் இந்த மூன்றும் இருக்குமா? அதேபோல நோட்டர் டேம் 1925 ரோஸ் பவுலுக்கு அப்புறம் 1969 சீசன் வரைக்கும் பவுலுக்கே போனதில்லை. அவர்களுடைய எட்டில் ஐந்து பட்டம் அந்த இடைவெளியில் வந்தது, கடைசிப் பரீட்சை எழுதாமலே.

எண்ணைக் கூட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. எங்கள் பட்டம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

நிலாமுற்றம்

எனக்குப் புள்ளியியல்தான் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கெடுப்பு என்பது ஆட்டத்தின் அளவு இல்லை, ஆட்டத்தைப் பற்றிய அபிப்பிராயத்தின் அளவு. போன வருடப் பெயர், ஹெல்மெட்டின் நிறம், டிவியில் எத்தனை தடவை வந்தது என்பதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். 2000 சீசனுக்கு முன்னால் அலபாமாவை மூன்றாவது இடத்தில் வைத்தார்கள், அவர்கள் முடித்தது 3–8. நேராக ஆட்ட முடிவுகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றால் செஸ்ஸில் இருக்கிற எலோ முறையை எடுக்கலாம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு எண், இரண்டு அணிக்கும் நடுவே 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலமான அணி ஜெயிக்க 64 சதவீத வாய்ப்பு, 200 என்றால் 76. எதிர்பார்த்தது நடந்தால் கொஞ்சம் ஏறும், எதிர்பாராதது நடந்தால் நிறைய ஏறும், அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் கல்லூரி ஃபுட்பாலுக்கு இது முழுசாக ஒத்துவராது. செஸ் ஆட்டக்காரர் வருடத்துக்கு நூறு ஆட்டம் ஆடுவார். இங்கே ஒரு அணிக்குப் பன்னிரண்டு பதிமூன்று ஆட்டம், அணிகளோ 130-க்கு மேல். பெரும்பாலான ஆட்டங்கள் சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிக் கூட்டம்) நடந்து முடிந்துவிடும். ஒரு ஊரில் பத்துத் தெரு இருக்கிறது, தெருவுக்குள்ளேதான் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள், தெருவுக்குத் தெரு ஒன்றிரண்டு பேர்தான் போய்வருகிறார்கள் என்றால் எந்தத் தெரு பணக்காரத் தெரு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஒன்றிரண்டு பேரை நம்பித்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது.

1984-ல் பிஒய்யு (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) 13–0, பட்டமும் அவர்களுக்குத்தான். கடைசி ஆட்டம் ஹாலிடே பவுலில் 24–17 வெற்றி, எதிரில் இருந்தது 6–5 என்று வந்த மிச்சிகன். அந்த அணி உண்மையிலேயே நாட்டில் முதல் அணியா என்று தரவால் இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாது, தெருவுக்குத் தெரு போய்வந்த ஆட்டங்களே போதவில்லை. 2017-ல் யுசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா) 13–0, கோலி மேட்ரிக்ஸ் என்ற முறை அவர்களை முதலில் வைத்தது. அந்த முறை எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்று பார்க்கவே பார்க்காது, வெற்றி தோல்வி மட்டும்தான். பார்க்கும் முறையில் போட்டால் அதே அணி கீழே வரும். இரண்டு முறையும் தப்பில்லை, இரண்டு முறையும் கேட்கிற கேள்வி வேறு வேறு.

வெற்றி சதவீதத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், அலபாமா, நோட்டர் டேம் எல்லாம் 0.73-ஐ ஒட்டித்தான் இருக்கிறார்கள். பாய்சி ஸ்டேட்டும் 0.7-க்கு மேல். பாய்சி மேல்மட்டப் பிரிவுக்கு வந்ததே 1996-ல். 2006 சீசனின் ஃபியஸ்டா பவுலில் ஒக்லஹோமாவை 43–42 என்று சாய்த்த அந்த ராத்திரியை யாரும் மறக்கமாட்டார்கள், நானும் அவர்கள் ரசிகைதான். ஆனாலும் நூறு வருடம் பெரிய அணிகளோடு மோதியவர்கள் பக்கத்தில் அந்த எண்ணை அப்படியே வைப்பது சரியான ஒப்பீடு ஆகாது.

இன்னொன்று, 2016-ல் ஏபியே தன் பழைய பட்டியல்களை எல்லாம் கூட்டி ஒரு மொத்த வரிசை போட்டது. ஒரு வாரம் பட்டியலில் இருந்தால் 1 புள்ளி, முதலிடத்தில் இருந்தால் 2, பட்டத்துக்கு 10. ஒஹாயோ ஸ்டேட் முதலில், ஒக்லஹோமா, நோட்டர் டேம், அலபாமா, யுஎஸ்சி என்று வந்தது. பட்டத்தை மட்டும் எண்ணினால் நான்காவதாக நிற்கிற அணி, ‘எத்தனை வாரம் பட்டியலில் இருந்தாய்’ என்று கேட்டதும் முதலிடத்துக்குப் போய்விட்டது பாருங்கள். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை: பட்டியல் 1962-லிருந்து 1967 வரை பத்து அணிதான், 1989-லிருந்து இருபத்தைந்து. 1965-ல் பதினொன்றாம் இடத்தில் இருந்தவனுக்குப் பூஜ்யம், 1995-ல் இருபத்தைந்தாம் இடத்தில் இருந்தவனுக்கு ஒரு புள்ளி.

சிவப்புச்சட்டை

எல்லாரும் பட்டம், பட்டம் என்றே பேசுகிறீர்கள். நான் நெப்ராஸ்காவில் லிங்கனில் படித்தவன். 2018 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். அந்த சீசனை நாங்கள் ஆறு தோல்வியோடு ஆரம்பித்திருந்தோம், அன்றைக்கு வரும்போது 3–7. காலையிலிருந்து பனி. மைதானத்தில் கோடு தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். என் ஊர் வெயிலில் வளர்ந்த எனக்குக் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், சிவப்பு கம்பளியை எடுத்து என் முழங்கால் மேல் பாதியைப் போட்டார். அவர் அப்பா வாங்கிய இருக்கைகளாம், 1962-லிருந்து அந்த ஸ்டேடியத்தில் ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிச்சமானதில்லை என்று அவர்தான் சொன்னார். டச்டவுனே (பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) இல்லை. மூன்று ஃபீல்ட் கோல் (உதைத்து எடுப்பது, ஆளுக்கு மூன்று புள்ளி), 9–6. அதற்கு அந்தக் கூட்டம் எழுந்து கத்தினதைக் கேட்டிருந்தால், அப்புறம் வெளியே போன எதிரணிப் பையன்களுக்கும் கை தட்டினதைப் பார்த்திருந்தால், இது என்ன மாதிரி இடம் என்று புரியும்.

இப்போது தரவுக்கு வருகிறேன். 1969-லிருந்து 2001 வரை, 33 சீசன் தொடர்ச்சியாக, வருடத்துக்கு ஒன்பது வெற்றிக்குக் குறையாமல். கோச் டாம் ஆஸ்போர்ன் 25 வருடத்தில் 255 வெற்றி, 49 தோல்வி, 3 டை (சமன்). எண்ணும்எழுத்தும் அண்ணன் போட்ட முதல் கணக்கில் இந்த முப்பத்து மூன்று வருடத்துக்கு நான்கே நான்கு எண் வருகிறது, 1970, 71, 94, 95. 1997-ல் பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பில் நாங்கள்தான் முதலிடம், ஏபியில் மிச்சிகன், அதனால் அதுவும் இல்லை. மீதி வருடங்கள் எல்லாம் காணாமலே போய்விட்டன. நடுவில் இருக்கிற அந்த வருடங்கள்தானே ஒரு அணியை எலீட் ஆக்குவது?

அதே சமயம் மனசாட்சிப்படி மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி கான்ஃபரன்ஸ் பட்டம் 1999. 2016-க்கும் 2024-க்கும் நடுவில் ஒரு பவுலுக்கும் போகவில்லை. நூறு பையன்களுக்கு மேல் ஸ்காலர்ஷிப் கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்த காலம் எங்களுக்கு வசதியாக இருந்தது. 1973-ல் 105 என்று வரம்பு வந்தது, 1978-ல் 95, 1994-ல் 85. மக்கள்தொகை குறைந்த மாநிலம், பக்கத்தில் பெரிய ஊர் கிடையாது, வரம்பு இறங்க இறங்க எங்கள் பிடியும் தளர்ந்தது. இதையும் மாடலில் எப்படியாவது கொண்டுவர முடியுமா?

எண்ணும்எழுத்தும்

சிவப்புச்சட்டை தம்பி, அந்தப் பாட்டி கதையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூங்கவில்லை, வேறு கோணத்தில் உட்கார்ந்து யோசித்தேன்.

நாம் தேடுவது பெரிய கோச்சையா, பெரிய நிறுவனத்தையா? ஒரு மேதை வந்து பதினைந்து வருடம் ஜெயித்துவிட்டுப் போனால் அது அந்த மனிதரின் சாதனை. அவர் போனபின் இன்னொருவர் வந்து, அவர் போனபின் மூன்றாமவர் வந்து, ஜெயித்துக்கொண்டே இருந்தால் அங்கே மண்ணில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதனால் பட்டங்களை விட்டுவிட்டு, ஏபி பட்டம் வாங்கிக்கொடுத்த வெவ்வேறு கோச்சுகள் எத்தனை பேர் என்று எண்ணினேன்.

ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஐந்து பேர்: 1942 பால் பிரவுன், 1954-ம் 1968-ம் வுடி ஹேஸ், 2002 ஜிம் ட்ரெஸ்ஸல், 2014 அர்பன் மேயர், 2024 ரயன் டே. ஆறு பட்டத்துக்கு ஐந்து பேர்! நோட்டர் டேமுக்கு நான்கு: லேஹி, பார்சிகியன், டிவைன், ஹோல்ட்ஸ். மயாமிக்கும் நான்கு: ஷ்னெல்லன்பெர்கர், ஜிம்மி ஜான்சன், எரிக்சன், கோக்கர். அலபாமாவுக்கு மூன்றுதான், பிரையன்ட் ஐந்து, ஸ்டாலிங்ஸ் ஒன்று, சேபன் ஆறு. ஒக்லஹோமா மூன்று, மிச்சிகன் மூன்று, எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) மூன்று. நெப்ராஸ்கா, யுஎஸ்சி, டெக்சஸ், ஜார்ஜியா, கிளெம்சன் எல்லாம் இரண்டு.

கூடவே பத்தாண்டுகளையும் எண்ணினேன். எத்தனை வெவ்வேறு பத்தாண்டுகளில் பட்டம் வந்திருக்கிறது? அலபாமா ஆறு, ஒஹாயோ ஸ்டேட்டும் ஆறு. நோட்டர் டேம் நான்கு, ஒக்லஹோமா நான்கு. மயாமி மூன்றுதான், 1983-லிருந்து 2001-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது, திருகுவதற்கு எண்ணே இல்லை. பாதியாகும் காலம் எத்தனை என்று நான் முடிவு செய்ய வேண்டியதில்லை.

தெற்குவாசல்

அண்ணா, இது எனக்கு ஒப்பவில்லை. சேபனும் பிரையன்ட்டும் பதினொரு பட்டம் வாங்கினார்கள் என்பதற்காக எங்களுக்குக் குறைவா? நல்ல கோச்சைப் பிடித்து வைத்துக்கொள்வதும் நிறுவனத்தின் பலம்தானே. சேபன் 2007-லிருந்து 2023 வரை இருந்தார் என்றால் அவரை இருக்க வைக்க ஒரு ஊரே பாடுபட்டது. கோச்சு மாறிக்கொண்டே இருக்கிற அணிக்கு உங்கள் முறை பரிசு கொடுக்கிறது. 1936-க்கு முன்னால் போனால் வேட் 1925, 1926, 1930, அப்புறம் தாமஸ் 1934. அதைச் சேர்த்தால் எங்களுக்கும் ஐந்து பேர்.

ஆன்ஆர்பர்வாசி

தெற்குவாசல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கணக்கிலும் அதே சிக்கல்தான். மிச்சிகனுக்கு மூன்று கோச் என்கிறீர்கள், ஊஸ்டர்பான் 1948, கார் 1997, ஹார்பா 2023. 1947-ஐ எடுங்கள். கோச் கிரைஸ்லரின் அணி 10–0, ரோஸ் பவுலில் யுஎஸ்சியை 49–0 என்று அடித்தது. பட்டம் அதற்கு முன்பே நோட்டர் டேமுக்குப் போய்விட்டது. ஆட்டம் முடிந்தபின் ஏபி தனியாக ஒரு வாக்கெடுப்பு வைத்தது, மிச்சிகன் 226, நோட்டர் டேம் 119. ஆனால் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அது ஏறவில்லை. ஏறியிருந்தால் எங்களுக்கு நான்கு. இவ்வளவு சின்ன எண்களில் ஒரு ஆள் கூடினாலும் குறைந்தாலும் வரிசையே மாறிவிடும், நிலாமுற்றம் அக்காதான் இதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம், 2023 நவம்பர் 18-ல் மேரிலண்டை 31–24 என்று ஜெயித்து ஆயிரமாவது வெற்றியைத் தொட்ட முதல் அணி நாங்கள். ஆயிரம் வெற்றி என்பதற்கு எந்தப் பத்தியிலும் இடமே இல்லையா?

நிலாமுற்றம்

ஆன்ஆர்பர்வாசி சொல்வது சரி, ஐந்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தில் வீடு கட்ட முடியாது. ஆனாலும் எண்ணும்எழுத்தும் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, கேள்வியை வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்றலாம். பட்டம் என்பது வருடத்துக்கு ஒன்று, தொண்ணூறு வருடத்துக்குத் தொண்ணூறு தகவல்தான். அதற்குப் பதில் ஒவ்வொரு கோச் காலத்துக்கும் அணியின் சராசரி எலோவை எடுங்கள். நான்கு வருடத்துக்கு மேல் இருந்த கோச்சுகள் மட்டும். அப்புறம் அந்தச் சராசரிகளின் நடு எண்ணை, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பதை, பாருங்கள். ஒரு மேதை வந்தால் நடு எண் அவ்வளவாக ஏறாது, ஒரு தப்பான ஆள் வந்தாலும் அவ்வளவாக இறங்காது. நெப்ராஸ்காவின் முப்பத்து மூன்று வருடம் இதில் அப்படியே வரும், டெவனியும் ஆஸ்போர்னும் சோலிச்சும், 2001-க்குப் பிறகு வந்தவர்களும். சேபன் காலத்து உயரமும் வரும், அவருக்கு முன்னால் 1997-க்கும் 2006-க்கும் நடுவே நான்கு வருடம் தோல்வி கூடுதலாக முடிந்த காலமும் வரும்.

ஆயிரம் வெற்றிக்குத் தனிப் பத்தி வேண்டாம். அது எவ்வளவு காலமாக ஆடுகிறாய், எவ்வளவு நன்றாக ஆடுகிறாய் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது. இரண்டையும் தனித்தனியாக வைத்தாலே போதும்.

பழையபேப்பர்

நீங்கள் எல்லாம் எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறு ஒரு எண் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. 408. கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியான கிராம்ப்ளிங்கில் கோச் எடி ராபின்சன் வாங்கிய வெற்றிகள். 1941-ல் ஆரம்பித்து 1997-ல் முடித்தார், நடுவில் போர்க்காலத்தில் இரண்டு வருடம் அணியே இல்லை. அதே மாதிரிக் கல்லூரியான ஃப்ளோரிடா ஏ அண்ட் எம்-ல் கோச் ஜேக் கெய்தர் 203 வெற்றி, 36 தோல்வி, 4 டை. இந்த ஆட்டங்கள் ஒன்றுகூட உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் இல்லை. ஏபி வாக்கெடுப்பில் அவர்கள் பெயர் வருவதற்கு வழியே இருந்ததில்லை.

தென் மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் கறுப்பின மாணவர்களை அணியில் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. தென் மாநிலக் கல்லூரிகளின் எஸ்இசி கான்ஃபரன்ஸில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் கென்டக்கியின் நேட் நார்த்திங்டன், 1967. அலபாமாவில் ஜான் மிட்செல் களத்தில் இறங்கியது 1971. அதற்கு முந்தைய வருடம் பர்மிங்ஹாமில் லீஜன் ஃபீல்டில் யுஎஸ்சி வந்து 42–21 என்று ஜெயித்ததும், அவர்களுடைய கறுப்பின ஆட்டக்காரர் சாம் கன்னிங்ஹாம் அன்றைக்கு ஓடிய ஓட்டமும் எல்லாருக்கும் தெரியும். தெற்கில் இருந்த எத்தனையோ பேர் கிராம்ப்ளிங்குக்கும் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம்-க்கும் போனார்கள், இன்னும் சிலர் வடக்கே மினசோட்டாவுக்கும் மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் போனார்கள். 1961, 1964, 1965 என்று பட்டம் எழுதும்போது அந்த அணிகள் யாரோடு ஆடவில்லை, யாரைச் சேர்க்கவில்லை என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. நிலாமுற்றம் சொன்ன தெரு உதாரணத்தில், ஒரு தெருவுக்குச் சுவரே கட்டி வைத்திருந்தார்கள்.

இதற்கு எந்த எடை போட்டும் சரிக்கட்ட முடியாது. கிராம்ப்ளிங் எந்த இடத்தில் வரும் என்று கணக்குப் போட, அந்தக் காலத்தில் நடுவில் ஆட்டமே கிடையாது. ஆனால் பட்டியலின் தலைப்பிலேயே எழுதுங்கள், இது யாருக்குள் போட்ட வரிசை என்று.

தெற்குவாசல்

ஐயா, லீஜன் ஃபீல்டு வழியாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பிரையன்ட் காலத்துப் பட்டங்களை நான் எண்ணுவேன், ஆனால் இந்தக் குறிப்பு பக்கத்திலேயே இருக்கட்டும். அடியில் சின்ன எழுத்தில் வேண்டாம்.

சிவப்புச்சட்டை

கோச் காலத்துச் சராசரி, நடு எண். எனக்குச் சம்மதம். எங்கள் இடம் எங்கே வந்தாலும் சரி.

இண்டியானாவை என்ன செய்வது? 2024-ல் 11 வெற்றி, அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே முதல் முறை. அடுத்த வருடமே 16–0, மயாமியை அவர்கள் சொந்த ஸ்டேடியத்திலேயே 27–21 என்று ஜெயித்துப் பட்டம். கோச் சிக்னெட்டி வந்து இரண்டே சீசன்.

எண்ணும்எழுத்தும்

இண்டியானா இந்தக் கணக்கில் ஏறாது, ஏறக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் செய்தது இந்த விளையாட்டில் நான் பார்த்ததிலேயே பெரிய விஷயம், ஆனால் நாம் கேட்கிற கேள்வி நூறு வருடத்தைப் பற்றியது. சிக்னெட்டிக்கு அப்புறம் வருகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் பத்தியைத் திறக்க முடியும்.

சரி, வேலை இப்படி. 1936-க்குப் பிந்தைய ஆட்ட முடிவுகள் எல்லாவற்றிலும் எலோ ஓட்டுகிறேன், பவுல் ஆட்டங்களும் சேர்த்து, அதனால் தெற்குவாசல் சொன்ன 1950, 1960, 1964 பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும். 1869-லிருந்து 1935 வரை தனி அட்டவணை, அதற்கு யேலும் பிரின்ஸ்டனும் தலைமை தாங்கட்டும். தண்டனையாக ரத்து செய்த வெற்றிகளை நான் ரத்து செய்யப்போவதில்லை. யுஎஸ்சியின் 2005-ல் பன்னிரண்டு வெற்றியை அழித்தார்கள், பென் ஸ்டேட்டின் 112-ஐ 2012-ல் அழித்து 2015-ல் திருப்பிக் கொடுத்தார்கள். களத்தில் நடந்தது நடந்ததுதான், மாடலுக்குத் தேவை அது மட்டும்தான். ஸ்காலர்ஷிப் வரம்பு மாறின 1973, 1978, 1994 மூன்றையும் கோடு போட்டுக் காட்டுகிறேன், தம்பிக்காக. தலைப்புக்குக் கீழே முதல் வரியாகப் பழையபேப்பர் ஐயா சொன்ன வாக்கியம், அதே அளவு எழுத்தில்.

கோச்சுகளின் பெயர்ப் பட்டியல்தான் பெரிய வேலை. சீசன் நடுவில் மாறினவர்களை எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை.

நிலாமுற்றம்

ஆட்டம் ஆட்டமாகப் பிரியுங்கள், சீசன் சீசனாக வேண்டாம். 1970-க்கு முந்தைய பெயர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், ஃபைலை அனுப்புங்கள். ஒரு சந்தேகம், ஓவர்டைம் வந்தது 1996-ல்தானே, அதற்கு முன்னால் இருக்கிற டைகளை எப்படி வைத்திருக்கிறீர்கள்? 1946-ல் ஆர்மியும் நோட்டர் டேமும் யாங்கி ஸ்டேடியத்தில் 0–0 என்று முடித்ததெல்லாம் இருக்கிறதே.

எண்ணும்எழுத்தும்

ஆளுக்கு அரை வெற்றி. ஃபைல் அனுப்பிவிட்டேன் அக்கா, இரண்டாவது ஷீட்டில் மஞ்சள் போட்ட வரிசைகள் எல்லாம் நான் இன்னும் சரிபார்க்காதவை.